1987 ஐபிகேஎஃப் காயம், பேட்டில் கேஷுவல்டி என்ட்ரி இல்ல, ஊண்ட் மெடலும் இல்ல. ரெகார்ட்ஸ்ல எப்படி திருத்துறது?

களக்காடு எக்ஸ் ஹவில்தார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் 1984ல ஆர்மில சேந்து 2001ல ஹவில்தாரா பென்ஷன் வந்தவன், ஊரு களக்காட்டுப் பக்கம். ரெஜிமென்ட் பேரு நம்பரெல்லாம் இங்கன போடாதீங்கப்பான்னு மகன் சொல்லிட்டான் அதனால போடல. விஷயம் என்னன்னா 1987 அக்டோபர்ல ஐபிகேஎஃப்ல, அதான் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படைல, யாழ்ப்பாணத்துல இருந்தப்ப ரோட்டோரம் பொதைச்சு வச்சிருந்த கண்ணி வெடிச்சு எனக்கு இடது தொடைல ஸ்பிளின்டர் பாஞ்சுட்டு, எனக்கு முன்னால நடந்த பையன் அந்த எடத்துலயே போயிட்டான். பலாலி ஏர்ஃபீல்டுக்கு தூக்கிட்டு வந்து அங்கருந்து பிளேன்ல மெட்ராஸ் கொண்டு வந்து மிலிட்டரி ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தேன். ரெண்டு சில்லு எடுத்தாங்க, ஒண்ணு எலும்பு பக்கத்துல இருக்கு தொட வேண்டாம்னு விட்டுட்டாங்க, அது இன்னும் உள்ளதான் இருக்கு. போன வருஷம் முட்டிவலிக்கு எக்ஸ்ரே எடுத்தப்ப அந்த டாக்டர் புள்ள பாத்துட்டு என்ன அங்கிள் ஆணி எதும் குத்திச்சான்னு கேக்குது.

டிஸ்சார்ஜ் புக்ல விதேஷ் சேவா மெடல், ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், 9 வருஷ மெடல், சுதந்திர பொன்விழா மெடல் எல்லாம் ஏறியிருக்கு. காயப்பட்டவங்களுக்கு குடுக்குற ஊண்ட் மெடல், இப்ப பராக்ரம் பதக்னு சொல்லுதாங்களே, அது மட்டும் இல்ல. சர்வீஸ்ல இருக்கும்போதே கேட்டிருக்கலாம்லான்னு கேப்பிய, அப்ப யூனிட் இங்க மூவ் அங்க மூவ்னு போய்க்கிட்டே இருந்தது, லீவு கேக்கவே பயப்படுற காலம், மெடல் கேட்டு யாரு போய் நிக்கது. இப்ப நம்ம சர்வீஸ் பேப்பர் இருக்க ரெகார்ட் ஆபீஸுக்கு மெடல் வேணும்னு ரிஜிஸ்டர் தபால் போட்டேன், நோ சச் என்ட்ரி எக்ஸிஸ்ட்ஸ்னு ஒத்த வரில பதில் வந்துட்டு. இனி யாருகிட்ட போகணும், என்ன எழுதணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை தம்பி:

அங்கிள் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல ஒரு மனு குடுங்க, அப்படியே சிஎம் செல்லுக்கும் ஆன்லைன்ல ஒண்ணு தட்டி விடுங்க. ரெண்டுல ஒண்ணு வேலை செய்யும்.

வள்ளியூர் கிளார்க் சாப்:

அண்ணாச்சி, நான் ஒரு ரெகார்ட் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து சுபேதாரா வெளிய வந்தவன், உங்க ரெஜிமென்ட் இல்ல. தம்பி நல்ல மனசுல சொல்லுதாரு, ஆனா கலெக்டருக்கும் ஆர்மி ரெகார்டுக்கும் சம்பந்தமே கிடையாது. மனு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு போகும், அவங்க ஒரு கவரிங் லெட்டர் வச்சு ரெகார்டுக்கு அனுப்புவாங்க, ரெகார்ட்ல இருந்து அதே ஒத்த வரி திரும்பி வரும். அந்த ஆபீஸ் வழியா அனுப்புறது தப்பில்ல, சீல் விழும், ஆனா உள்ள வைக்கிற பேப்பர்தான் முக்கியம்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கிடுங்க. வீர் சக்ரா, சேனா மெடல் மாதிரி வீரப்பதக்கம்னா சிஓ, அதான் பட்டாலியன் கமாண்டர், அப்பவே சைட்டேஷன்னு பரிந்துரை எழுதி மேல அனுப்பியிருக்கணும், அப்ப எழுதலன்னா இப்ப தலகீழா நின்னாலும் கஷ்டம்தான். ஊண்ட் மெடல் அந்த ரகம் இல்ல. அது 1973ல வந்தது, 1947 ஆகஸ்ட் 15ல இருந்து காயப்பட்டவங்களுக்கும் சேத்துத்தான் கணக்கு. எதிரியோட நேரடி செயலால காயம்னு ரெகார்ட்ல இருந்தா அது உங்க உரிமை, ஒருத்தரும் சிபாரிசு பண்ண வேண்டாம்.

அதனாலதான் சொல்லுதேன், மெடல் குடுன்னு எழுதாதீங்க. மெடல் பாக்குற பையன் என்ன பண்ணுவான், உங்க நம்பரை தட்டி பார்ட் டூ ஆர்டர்ல, அதான் லீவு, காயம், மெடல்னு சர்வீஸ்ல நடந்தத பதியிற உத்தரவுல, பேட்டில் கேஷுவல்டி, அதாவது எதிரியால அடிபட்டவன்னு என்ட்ரி இருக்கான்னு பாப்பான், இல்ல, ஃபைல மூடிருவான். அவன குத்தம் சொல்லவும் முடியாது, பேப்பர்ல இல்லாததுக்கு அவன் மெடல் குடுத்தா அவன் வேலை போயிரும். நீங்க கேக்க வேண்டியது அந்த என்ட்ரிய. என்ட்ரி விழுந்தா மெடல் பின்னாடியே வரும்.

இப்ப உங்க பேப்பர்ல என்னதான் இருக்குன்னு தெரியாம சண்டை போட முடியாது. உங்க ரெகார்ட் ஆபீஸோட சிபிஐஓவுக்கு, அதான் தகவல் அதிகாரிக்கு, ஒரு ஆர்டிஐ போடுங்க, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், ஆன்லைன்லயும் போடலாம். உங்க சர்வீஸ் விவரம் எழுதியிருக்க ஷீட் ரோல் நகல், 1987 செப்டம்பர்ல இருந்து 1988 மார்ச் வரைக்கும் உங்க பேர்ல வந்த பார்ட் டூ ஆர்டர் எல்லாம், இஞ்சுரி ரிப்போர்ட், அடிபட்டத சொல்லி யூனிட் அனுப்புன கேஷுவல்டி சிக்னல், அன்னைல இருந்து ரிலீஸ் வரைக்கும் நடந்த மெடிக்கல் போர்டு ப்ரொசீடிங்ஸ், இவ்வளவும் கேளுங்க. 30 நாள்ல பதில் சொல்லணும், சொல்லலன்னா ஃபர்ஸ்ட் அப்பீல். உங்க சொந்த பேப்பர்ங்கதால அடுத்தவன் விவரம்னு சொல்லி மறுக்க முடியாது. யூனிட்டோட வார் டைரிய, அதான் சண்டைக்கால தினக்குறிப்ப, மட்டும் அதுல சேத்து கேட்டுராதீங்க, பாதுகாப்புன்னு 8(1)(ஏ) பிரிவ காட்டி மொத்த மனுவையும் சுத்தி வச்சிருவாங்க.

பேப்பர அழிச்சிருப்பாங்களோன்னு பயப்படாதீங்க. பென்ஷன் இல்லாம போனவங்க பேப்பரத்தான் 25 வருஷத்துல அழிக்கது. பென்ஷனர் பேப்பர் 50 வருஷம் இருக்கணும்.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. பிபிஓல, அதான் பென்ஷன் ஆர்டர்ல, டிசேபிலிட்டி எலிமென்ட்னு ஊனத்துக்கு சேத்துத் தர்ற பங்கு இருக்கா? இஞ்சுரி ரிப்போர்ட் கைல கெடச்சா அதுல எடம், காரணம் என்ன போட்டிருக்குன்னு பாத்து எழுதுங்க. எனக்கு என்னமோ அங்கனதான் சிக்கல்னு தோணுது.

முக்கூடல் கார்கில் 99:

கிளார்க் சாப் சொல்லுதது நூத்துக்கு நூறு. நமக்கும் இதே கததான், ஆனா சின்ன அளவுல. கார்கில்ல சண்டை நடந்த எடத்துல இருந்தவங்களுக்கு ஆப் விஜய் ஸ்டார், வெளில மத்த எடங்கள்ல டெப்ளாய் ஆனவங்களுக்கு ஆப் விஜய் மெடல். நான் திராஸ்ல வேற யூனிட்டோட அட்டாச்மென்ட்ல இருந்தேன், என் சொந்த யூனிட் கீழ இருந்தது, நாமினல் ரோல்னு பேர் பட்டியல் போட்டப்ப இவங்க என்ன அவங்க லிஸ்ட்ல இருப்பேன்னு விட்டுட்டாங்க அவங்க இவங்க லிஸ்ட்ல இருப்பேன்னு விட்டுட்டாங்க, கடைசில கீழ இருந்தவன் கணக்குல மெடல் மட்டும் வந்தது ஸ்டார் வரல. அட்டாச்மென்ட் மூவ்மென்ட் ஆர்டர் ஒரு துண்டுச் சீட்டு டிரங்குப் பெட்டி அடில கெடந்தது, அத வச்சுத்தான் சரி பண்ணேன். சீட்டு இல்லாதவன் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொண்ணு அண்ணாச்சி, கன்டோன்மென்ட் பக்கத்து கடைகள்ல எந்த மெடல் வேணும்னாலும் ரிப்பனோட வாங்கலாம், வாங்கி குத்திக்கிட்டு குடியரசு தினத்துக்கு வந்து நிக்கிற ஆளுகளையும் நாம பாத்திருக்கோம். அந்தப் பக்கம் போயிராதிய.

ஊர்க்குருவி:

யாரை சுடுறதுக்கு அங்க போனீங்க? நம்ம சனத்தை அடிச்சதுக்கு மெடல் வேறயா.

களக்காடு எக்ஸ் ஹவில்தார்:

ஊர்க்குருவி தம்பிக்கு. நீங்க கேக்கது எனக்கு புதுசு இல்ல. 1990 மார்ச்ல கடைசி கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தப்ப வரவேற்க முதலமைச்சரே வரல, அந்தக் காலத்து ஆளுகளுக்கு தெரியும். ஊருக்கு லீவுல வந்தா டீக்கடைல பேச்சு நின்னு போகும். எங்கம்மா கிட்ட கோயில்ல வச்சு கேட்டிருக்காங்க, அவ என்னத்த சொல்லுவா. அங்க சாதாரண சனம் பட்ட பாட்ட நான் பேப்பர்ல படிச்சவன் இல்ல, கண்ணால பாத்தவன், தமிழ் தெரிஞ்சவன்னு என்னத்தான் வீட்டு வாசல்ல பேசச் சொல்லி முன்னால அனுப்புவாங்க. அத இங்கன எழுத மாட்டேன். போறதா வேண்டாமான்னு சிப்பாய்கிட்ட யாரும் கேக்கல தம்பி. வீரன்னு எனக்கு பட்டம் வேண்டாம், என் கால்ல இருக்க இரும்பு எங்க வச்சு எப்படி வந்ததுன்னு பேப்பர்ல ஒழுங்கா இருக்கணும், அவ்வளவுதான் கேக்கேன்.

கிளார்க் சாப், ஆர்டிஐ போட்டுட்டேன். பிபிஓல டிசேபிலிட்டி எலிமென்ட் 20 சதம் இருக்கு, ஆன் டியூட்டி இஞ்சுரின்னு. மத்தது பேப்பர் வந்ததும் எழுதுதேன்.

களக்காடு எக்ஸ் ஹவில்தார்:

பேப்பர் வந்துட்டு சாப். கட்டா வந்திருக்கு, கார்பன் காப்பியோட ஜெராக்ஸ், பாதி எழுத்து மை கட்டி கெடக்கு, மகன் லைட்டுக்கு நேரா புடிச்சு புடிச்சு வாசிச்சான். இஞ்சுரி ரிப்போர்ட்ல நேச்சர்ங்க எடத்துல ஸ்பிளின்டர் இஞ்சுரி லெஃப்ட் தை, காரணம் பிளாஸ்ட், ஆன் டியூட்டி எஸ், எல்லாம் சரியாத்தான் இருக்கு. பிளேஸ் ஆஃப் ஆக்கரன்ஸ்ங்க எடத்துல திருநெல்வேலின்னு மட்டும் போட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்ல, யாழ்ப்பாணம்னு இல்ல, ஸ்ரீலங்கான்னு இல்ல. யாழ்ப்பாணம் யுனிவர்சிட்டி இருக்க எடத்துக்கு பேரு திருநெல்வேலிதான், நாங்க அந்த ரோட்லதான் போனோம், வந்த புதுசுல ஏல ஒங்க ஊருக்கே வந்துட்டோம்லன்னு பசங்க என்ன கேலி பண்ணுவானுவ. ரியர்ல இருந்த கிளார்க் அத அப்படியே அடிச்சிருக்கான். ஷீட் ரோல்ல என் சொந்த ஜில்லாவும் திருநெல்வேலி. கேஷுவல்டி சிக்னல் நாட் அவைலபிள்னு பதில் குடுத்திருக்காங்க.

வள்ளியூர் கிளார்க் சாப்:

அட கடவுளே. கத வெளங்கிட்டு அண்ணாச்சி. ரெகார்ட்ல ஒக்காந்திருக்கவன் வடக்கத்திப் பையனா இருப்பான், அவனுக்கு திருநெல்வேலின்னா தமிழ்நாட்டுல ஒரு ஜில்லா, உங்க வீட்டு அட்ரஸும் அதே ஜில்லா, அப்ப இவன் ஊர் பக்கத்துல எங்கயோ டூட்டில இருந்தப்ப அடிபட்டவன்னு எடுத்துக்கிட்டு சாதா ஃபிசிக்கல் கேஷுவல்டில, அதான் சண்டையில்லாம பட்ட அடில, தள்ளிட்டான். பிளாஸ்ட்னு போட்டிருக்கே, நம்ம ஊர்ல என்ன பிளாஸ்ட், கல்லுக்குவாரி வெடியான்னு ஒருத்தனாவது யோசிச்சிருக்க வேண்டாமா. யோசிக்கல. கட்டம் நெறஞ்சிருக்கா, கையெழுத்து இருக்கா, அடுத்தது. நானும் அந்த நாற்காலில ஒக்காந்தவன்தான், ஒரு நாளைக்கு எவ்வளவு பேப்பர் வரும்னு தெரியும்.

ஆனா இது உங்களுக்கு நல்லது, எப்படின்னு சொல்லுதேன். உங்க ரெகார்டே உங்க ரெகார்டுக்கு எதிரா சாட்சி சொல்லுது. விதேஷ் சேவா மெடல் கெடச்சிருக்குன்னா இந்த தேதில இருந்து இந்த தேதி வரைக்கும் இந்த ஆளு வெளிநாட்டுல இருந்தான்னு அவங்களே பார்ட் டூ ஆர்டர் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். அந்த தேதிக்குள்ள அடிபட்ட நாள் விழுதான்னு பாருங்க. விழும். அடுத்து லீவு. அந்த அக்டோபர்ல நீங்க லீவுல வந்ததா ஒரு என்ட்ரி இருக்கா? இருக்காது. டெம்பரரி டூட்டின்னு இந்தியாவுக்குள்ள அனுப்பின மூவ்மென்ட் இருக்கா? அதுவும் இருக்காது. அப்ப ஸ்ரீலங்கால இருக்க சிப்பாய் எப்படி நம்ம திருநெல்வேலில டூட்டில அடிபடுவான்? இந்த ஒரு கேள்விய மட்டும் மனுல நடுவுல தெளிவா வைங்க. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோட அட்ரஸே திருநெல்வேலி, யாழ்ப்பாணம்னுதான் இருக்கும், அவங்க வெப்சைட்ல இருந்து அந்தப் பக்கத்த ஒரு பிரிண்ட் எடுத்து, கூட ஒரு மேப்பும் வச்சு குடுங்க. 1987 அக்டோபர் 11-12 ராத்திரி ஹெலிகாப்டர்ல ஆளு எறக்குன எடமே அந்த யுனிவர்சிட்டி வளாகம்தான், ஆர்மில யாருக்கும் அத சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

மனுவ ரெகார்ட் ஆபீஸுக்கு எழுதுங்க, நகல் உங்க பழைய பட்டாலியன் சிஓவுக்கு. ரெகார்ட் எப்படியும் யூனிட்டதான் வெரிஃபை பண்ணச் சொல்லி கேக்கும், யூனிட்ல கேஷுவல்டி ரிஜிஸ்டர், ரெஜிமென்ட் ஹிஸ்டரி எதுலயாவது அந்த நாள் சம்பவம் இருக்கும், ஏன்னா உங்க கூட ஒருத்தர் இறந்திருக்காரு, அவரு பேட்டில் கேஷுவல்டியா ஏறாம இருக்க வாய்ப்பே இல்ல. அதே நாள், அதே வெடி, அதே செக்ஷன்னு அவர் பேரையும் நம்பரையும் எழுதுங்க. அது பெரிய ஆதாரம்.

கேக்கது மூணும் வரிசையா இருக்கட்டும். இடத்த திருத்தணும், பேட்டில் கேஷுவல்டியா பார்ட் டூ ஆர்டர் போடணும், அதுக்குப் பெறகு ஊண்ட் மெடல்.

இன்னும் ஒண்ணு, நீங்க கேக்கவே இல்ல ஆனா சொல்லணும். இது மெடலோட நிக்காது. உங்களுக்கு இப்ப வர்றது டிசேபிலிட்டி எலிமென்ட், அது 100 சதம் ஊனத்துக்கு கடைசி சம்பளத்துல 30 சதம். எதிரி செயலால காயம்னா அது வார் இஞ்சுரி எலிமென்ட், சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கு 100 சதத்துக்கு 60. டபுள். 2001 ஜனவரி 31 தேதியிட்ட டிஃபென்ஸ் மினிஸ்ட்ரி லெட்டர்ல இருக்கு, 1996க்கு பெறகு வந்தவங்களுக்கு பொருந்தும், நீங்க உள்ள வருவிய. மெடலுக்கு பைசா கெடையாது, என்ட்ரிக்கு உண்டு.

அம்பை வக்கீல்:

சாப் எழுதினதுக்கு மேல சட்டப் பக்கம் மட்டும் சொல்லுதேன். இப்பவே கோர்ட்டுன்னு ஓடாதீங்க. ரெகார்ட் ஆபீஸ் தெளிவா மறுத்து எழுதினாத்தான் அடுத்த படி, இப்ப வந்த ஒத்த வரி மெடலுக்கான பதில்தான், திருத்தத்துக்கான பதில் இல்ல. மனு குடுத்து ரொம்ப நாளா சத்தமே இல்லன்னா மத்திய அரசோட ஆன்லைன் புகார் தளம் சிபிகிராம்ஸ்ல ஒரு புகார் பதிஞ்சு வைங்க, தேதியோட ஒரு நம்பர் கெடைக்கும், பின்னால உதவும்.

மறுத்துட்டாங்கன்னா ஆர்ம்டு ஃபோர்சஸ் ட்ரிப்யூனல், சென்னைல பெஞ்ச் இருக்கு. கடைசி உத்தரவு வந்து 6 மாசத்துக்குள்ள போடணும். 1987 சமாசாரத்த இப்ப கெளப்புறியேன்னு கேக்கத்தான் செய்வாங்க, ஆனா பென்ஷன்ல மாசா மாசம் குறைஞ்சு வர்றது தொடர்ந்து நடக்குற தப்புன்னு சுப்ரீம் கோர்ட் 2008ல தர்சேம் சிங் கேஸ்ல சொல்லியிருக்கு. கேஸ் நிக்கும், நிலுவைதான் பொதுவா மனு போட்டதுக்கு முந்தின மூணு வருஷத்துக்கு மட்டும் கெடைக்கும். அதனால இன்னும் தள்ளிப் போடாதீங்க, போற ஒவ்வொரு மாசமும் உங்க கைக்காசு.

அண்ணாச்சி, 20 சதம்னு சொன்னியளே, அது 50க்கு ரவுண்ட் ஆஃப் ஆகி வருதா? 50க்கு கொறஞ்சதெல்லாம் 50 ஆக்கணும். சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கும் உண்டுன்னு 2014 டிசம்பர்ல ராம் அவதார் கேஸ்ல தீர்ப்பு இருக்கு. டிஃபென்ஸ் பென்ஷன் தளம் ஸ்பர்ஷ்ல லாகின் பண்ணி பாருங்க, வரலன்னா அது தனி மனு, இதோட கொழப்பாதீங்க.

பாளை தம்பி:

அங்கிள் மேப் பிரிண்ட் எடுக்கணும்னா சொல்லுங்க, வண்ணாரப்பேட்டைலதான் நம்ம கடை, கலர்ல எடுத்துத் தாரேன். காசு வேண்டாம்.

களக்காடு எக்ஸ் ஹவில்தார்:

தம்பி ரொம்ப சந்தோஷம், வாரேன். சாப், நீங்க சொன்ன மாதிரி விதேஷ் சேவா மெடல் பார்ட் டூ ஆர்டர பாத்தேன், ஆகஸ்ட்ல இருந்து போட்டிருக்கு, அடிபட்ட நாள் நடுவுல பக்காவா விழுது. லீவு என்ட்ரி அந்த வருஷம் பிப்ரவரில ஒண்ணு இருக்கு, அதுக்குப் பெறகு அடுத்த வருஷம் சிக் லீவுதான். ரவுண்ட் ஆஃப் வரல வக்கீல் சார், 20தான் வருது, அத தனியா போடுதேன்.

அப்ப கம்பெனி கமாண்டரா இருந்த மேஜர் சாப் கர்னலா ரிட்டயர் ஆகி கோயமுத்தூர்ல இருக்காராம், பழைய கூட்டாளி ஒருத்தன் மூலமா நம்பர் கெடச்சு பேசினேன். எடுத்த ஒடனே என் பேர சொல்லல, காலு எப்படி இருக்குன்னுதான் கேட்டாரு. லெட்டர் தாரேன்னு சொல்லிட்டாரு. அதுல என்ன எழுதணும்னு கேக்காரு, என்ன சொல்லட்டும்?

வள்ளியூர் கிளார்க் சாப்:

ரொம்ப புகழ்ந்து எழுத வேண்டாம்னு சொல்லுங்க, அது சைட்டேஷன் மாதிரி ஆயிரும். இந்த தேதில இந்த கம்பெனிய நான் கமாண்ட் பண்ணேன், யாழ்ப்பாணம் திருநெல்வேலில ரோடு கிளியரன்ஸ் போகும்போது எதிரி வச்ச வெடில இன்னார் இறந்தாரு, இன்னார் காயப்பட்டாரு, பலாலிக்கு அனுப்பினேன், இவ்வளவு போதும், ஒரு பக்கம் தாண்டக் கூடாது. கையெழுத்துக்கு கீழ ரேங்க்கும் ஐசி நம்பரும், அதான் ஆபீசருக்கு உள்ள நம்பரும், கண்டிப்பா எழுதச் சொல்லுங்க. உங்க பேர சர்வீஸ்ல இருந்த ஸ்பெல்லிங்லதான் போடணும், ஆதார்ல இருக்க மாதிரி போட்டு அனுப்பிட்டா அதுக்கு வேற ஒரு அஃபிடவிட் கேப்பாங்க. ஒரிஜினல கைல வச்சுக்கிட்டு அட்டெஸ்ட் பண்ண நகல மட்டும் அனுப்புங்க. மனு எழுதிட்டு தட்டுறதுக்கு முன்னால இங்கன போடுங்க, நம்பர் பேரெல்லாம் அழிச்சுட்டு, ஒரு பார்வை பாத்துருதேன்.